வியாழக்கிழமை ஓவர்டைம்

அக்டோபர் 2, திங்கள்

பேச்சுப் பயிற்சி தருகிற ஃபியோனா, இவர் தினமும் என்ன சொல்கிறார் என்று ஒரு வரியாவது எழுதி வைக்கச் சொன்னாள். ஒரு வரிக்காக ஏன் தனிக் கொப்பி என்று என்னுடைய டயறியிலேயே எழுதுகிறேன்.

இன்று சொன்னது: "நாளைக்கு."

தண்ணி வேண்டுமென்றாலும் நாளைக்கு. கால் உளைந்தாலும் நாளைக்கு. ஜூனில் மூளையில் இரத்தக் கட்டி அடைத்து, வலக் கையும் காலும் ஏலாமல் போய், இருந்த சொல்லெல்லாம் போய், அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. ஏன் அந்தச் சொல் என்று டொக்ரருக்கும் தெரியாது. நாங்கள் கதைப்பது முழுக்க இவருக்கு விளங்குகிறதாம். திருப்பிச் சொல்லத்தான் வராதாம்.

நல்லாயிருந்த காலத்திலும் இவர் வீட்டில் கதைத்தவர் இல்லை. பஸ் ஓடிவிட்டு வருவார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார். "எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை" என்று ஃபியோனாவிடம் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

கோயிலில் எல்லாரும் தயாபரனுக்கு நல்ல மனிசி வாய்த்திருக்கிறாள் என்று சொல்கிறார்களாம். இன்று மூன்று தரம் படுக்கை விரிப்பு மாற்றினேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

"நாளைக்கு." பூசணிக்காய் குழைய அவித்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டார்.

அக்டோபர் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். வழமையான பாதையில் ஏதோ தோண்டுகிறார்கள் என்று டாக்சிக்காரர் வேறு பக்கத்தால் கொண்டுவந்தார். எனக்கு அந்தத் தெருக்கள் பழக்கமில்லை. ஒரு சின்னக் கடைத்தெருவில் சிக்னலுக்கு நின்றபோது, இவர் இடக் கையால் யன்னலில் அடிக்கத் தொடங்கினார்.

"நாளைக்கு! நாளைக்கு! நாளைக்கு!"

முகமெல்லாம் சிவந்துவிட்டது. மறுபடியும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். டாக்சிக்காரரும் பயந்து ஓரமாக நிறுத்தினார். இவர் கை காட்டிய பக்கத்தில் ஒரு நீலக் கதவு இருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாகப் பித்தளை விளக்குகள். மேலே "ப்ளூ டோர் மொரோக்கன் லவுஞ்ச்" என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் ஹுக்கா, கொக்ரெயில்.

வாசலில் விலைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்களைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"தயா அண்ணை! ஐயோ தயா அண்ணை, எங்க போனீங்கள்? என்ன நடந்தது உங்களுக்கு?"

தமிழ். கதவைத் திறந்து, இவருடைய ஏலாத கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். இவர் சிரித்தார். ஒரு பக்க வாய்தான் சிரித்தது. ஆனாலும் சிரிப்புத்தான். ஜூனுக்குப் பிறகு நான் அதைக் காணவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் சுகிர்தா அக்கா."

கேள்வி இல்லை. தெரிந்துதான் சொன்னாள். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணியாவது குடிக்கச் சொன்னாள். டாக்சி நிக்குது என்றேன்.

வீட்டுக்கு வந்து "ஆரது?" என்று கேட்டேன். "நாளைக்கு" என்றார்.

அக்டோபர் 6, வெள்ளி

அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிர் கட்டையாக வெட்டியிருந்தாள். நல்ல பல்வரிசை.

மூன்று வருடமாக வியாழக்கிழமைகளில் இவருக்கு ஓவர்டைம். அந்த நாட்களில் தோய்க்கப் போடுகிற சட்டையில் ஆப்பிள் பழம் மாதிரி ஒரு மணம் வரும். பஸ்ஸில் ஏறுகிற ஆரோ பூசிக்கொண்டு வருகிற சென்ற் என்று நினைத்திருக்கிறேன்.

இன்று சொன்னதை எழுதவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

சோஷல் வேர்க்கர் வந்தாள். நல்ல பிள்ளை. என் கையைப் பார்த்துவிட்டு, கிறீம் பூசுகிறீர்களா என்று கேட்டாள். கழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போயிருக்கிறது. இவரை நிரந்தரமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடலாமாம். நவம்பரில் ஒரு இடம் வரும், மாத முடிவுக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னாள்.

வழமையான கேள்விகளும் கேட்டாள். பிள்ளைகள் உண்டா? இல்லை என்றேன். அந்தப் பதில் வாய்க்குப் பழகிவிட்டது. பக்கத்தில் வீல்செயாரில் இருந்த இவர் திடீரென்று "நாளைக்கு, நாளைக்கு" என்று கத்தி, இடக் கையில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். தண்ணி கொடுத்தேன். தட்டிவிட்டார். நிலம் முழுக்கத் தண்ணி.

அவள் போன பிறகு துடைத்துக்கொண்டே, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எதற்காக வைத்திருக்க வேண்டும்?

அக்டோபர் 12, வியாழன்

வியாழக்கிழமைகளில் மதியத்துக்குப் பிறகு கவுன்சில் அனுப்புகிற கெயரர் கிரேஸ் மூன்று மணித்தியாலம் வந்து இவரைப் பார்ப்பாள். அந்த நேரம் எனக்கு. வழக்கமாக நித்திரை கொள்வேன். இன்று கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி நீலக் கதவுக்குப் போனேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அந்த இடம் சண்டை பிடிக்கிற இடமாக இல்லை. வெளிச்சம் குறைவு. நிலத்தோடு ஒட்டின மாதிரிப் பதிந்த இருக்கைகள். சிவப்பும் மஞ்சளுமாகத் தலையணைகள். பெரிய பித்தளைத் தட்டுகளைக் காலில் தூக்கி வைத்து மேசையாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்கப் போத்தல் அடுக்கிய பார். மறுபக்கச் சுவரில் நீல வெள்ளைப் பூ ஓடுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுகிற ஸ்டிக்கர். ஒரு மூலை கழன்று தொங்குகிறது. பாட்டு ஒன்று மெல்லமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே மெட்டு, சுற்றிச் சுற்றி.

உள்ளே புகைக்கக் கூடாதென்பதால் ஹுக்கா எல்லாம் பின்முற்றத்தில். மேலே கூடாரத் துணி. பக்கங்கள் திறந்தபடி. குளிருக்குச் சூடாக்கி விளக்கும் கம்பளியும். இரண்டு பெடியள் மடிக்கணினி வைத்துப் படித்துக்கொண்டு ஒரு குழாயை மாற்றி மாற்றி இழுத்தார்கள். அங்கேதான் அந்த மணம். புகையில் ஆப்பிள்.

அவள் என்னை மூலையில் ஒரு இடத்தில் இருத்தினாள். பெயர் ஜசிந்தா. மன்னார், பேசாலை. பார் வேலை முழுக்க அவள்தான். முதலாளி இத்ரிஸ் என்கிற ஒரு பெரிய உடம்புக்காரர், லெஸ்டரில் பிறந்தவர், மொரோக்கோவுக்கு இரண்டு தரம்தான் போயிருக்கிறாராம். புதினாத் தேத்தண்ணியை ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

நான் நேராகவே கேட்டேன். "எத்தினை வருசமாய் உமக்கும் அவருக்கும்?"

அவளுக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு எனக்கு முன்னால் இருந்தாள்.

"அக்கா, அப்பிடி ஒண்டும் இல்லை. சத்தியமாய் இல்லை. அவர் இஞ்ச வந்து கதைக்கிறவர். அவ்வளவுதான்."

"கதைக்கிறவரோ? என்ன கதைக்கிறவர்?"

"எல்லாம். பஸ்ஸில நடந்தது, ஊரில நடந்தது. தொடங்கினால் நிப்பாட்ட மாட்டார். சனம் அவற்ற மேசையைச் சுத்தி வந்திருந்திடும். ஒருக்கா ஒரு கிழவர் உயிரோட ஒரு வான்கோழியை பஸ்ஸில ஏத்தி, அதுக்கும் டிக்கெற் எடுக்க வேணுமோ எண்டு சண்டை பிடிச்சவராம். தயா அண்ணை அந்தக் கிழவர் மாதிரியும் கதைச்சு, வான்கோழி மாதிரியும் கத்திக் காட்டினவர். இத்ரிஸ் சிரிச்சுச் சிரிச்சு இருமி, தண்ணி குடுக்க வேண்டி வந்தது."

"இவரோ? என்ர மனிசனோ?"

"தயா அண்ணைதான்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வேறு பொம்பிளை என்றால் கத்தலாம். இழுத்துப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். கதைக்கிற மனிசன் ஒருவர் இருந்திருக்கிறார், அவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. இதற்கு ஆரோடு சண்டை பிடிக்கிறது?

அக்டோபர் 13, வெள்ளி

சோறு தீத்தும்போது இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

குளிக்கவார்த்துவிட்டுத் தூக்கும்போது எனக்குப் பிடி நழுவிவிட்டது. இரண்டு பேரும் குளியலறை நிலத்தில். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எவ்வளவு முயன்றும் அவரைத் தூக்க என்னால் ஏலவில்லை. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் வேலையால் வரும்வரைக்கும், இவரைத் துவாயால் மூடிவிட்டுப் பக்கத்திலேயே தரை ஓட்டில் இருந்தேன்.

நிலம் குளிர்ந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அங்க போய் வான்கோழி மாதிரி எல்லாம் கத்திக் காட்டினீங்களாம். இஞ்ச உங்களுக்கு என்ன? இஞ்ச இருந்தது சுவரோ? இத்தினை வருசம் நான் சுவருக்கோ சமைச்சுப் போட்டனான்?"

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணி வழிந்தது. துடைக்க மனம் வரவில்லை. பிறகு துடைத்தேன். வேறு ஆர் துடைப்பது?

இன்று சொன்னது: ஒன்றுமில்லை. நாளைக்கு என்றுகூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 18, புதன்

முதுகு பிடித்துவிட்டது. அரைச் சட்டி சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

அக்டோபர் 19, வியாழன்

போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கோட்டைப் போட்டேன்.

ஜசிந்தா ஒன்றும் கேட்காமல் அதே மூலையைக் காட்டினாள். அது இவருடைய இடமாம். இவர் என்ன குடிப்பவர் என்று கேட்டேன். மாதுளம் சாறு, ஆரஞ்சுப் பூவில் வடித்த தோடம்பூத் தண்ணி, எலுமிச்சை, இடித்த ஐஸ். பஸ் ஓடுகிறவர் என்பதால் அதில் மது சேர்க்க விடுவதில்லையாம்.

"நான் பஸ் ஓடுறதில்லை" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு ஜின் ஊற்றினாள். நான் வாழ்க்கையில் முதல் தரம் குடித்தேன். முதல் மடக்கு இருமல் மருந்துப் பாணி மாதிரி இருந்தது. பிறகு அவ்வளவு மோசமில்லை. ஹுக்காவையும் இழுத்துப் பார்த்தேன். இத்ரிஸ் கரி நெருப்பைக் குறட்டால் எடுத்து வைத்து, மெல்லமாக இழுங்கள் என்றார். நான் பலமாக இழுத்துவிட்டேன். மூக்காலும் புகை வந்து, கண்ணாலும் வந்த மாதிரி இருந்தது. அந்தப் படிக்கிற பெடியள் எழும்பி வந்து முதுகில் தட்டினார்கள்.

"இந்தப் புகைதான் அவரை இப்பிடி ஆக்கினதோ எண்டு நான் யோசிக்காத நாள் இல்லை அக்கா" என்றாள் ஜசிந்தா.

டொக்ரர் பிரஷர் என்று சொன்னவர், இவர் குளிசையை ஒழுங்காகப் போடவில்லை என்று சொன்னேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

"என்னைப் பற்றி என்ன சொன்னவர்?" கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்கள் ஹீத்ரோவில வந்து இறங்கேக்க தை மாசம். காலில வெறும் செருப்பாம். இவர் தன்ர சப்பாத்தைக் கழட்டி உங்களுக்குத் தந்திட்டு, தான் சொக்ஸோட கார் நிக்கிற இடம் வரைக்கும் நடந்தவராம்."

உண்மை. அந்தச் சப்பாத்து எனக்குப் படகு மாதிரி இருந்தது. நான் அதை மறந்தே போனேன்.

"பிறகு, நீங்கள் கோவம் வந்தால் வாயால ஒண்டும் சொல்ல மாட்டீங்களாம். குசினியில சட்டி மூடி விழுகிற சத்தத்தில இருந்து எவ்வளவு கோவம் எண்டு கண்டுபிடிப்பாராம். சின்ன மூடி விழுந்தால் அரை மணித்தியாலம், பெரிய மூடி விழுந்தால் நாளைக்குக் காலமைதான் பக்கத்தில போகலாம் எண்டு சொல்லுவார்."

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். பிறகு அழுகை மாதிரி ஏதோ வந்தது. அவள் பாரைத் துடைக்கப் போய்விட்டாள்.

இனி எழுத ஏலாது. எழுத்தெல்லாம் சரிந்து போகிறது.

அக்டோபர் 20, வெள்ளி

தலையிடி. வெள்ளிக்கிழமை விரதம் வேறு. கடவுள் மன்னிக்கட்டும்.

"நாளைக்கு" என்றபோது, தேத்தண்ணி வேண்டுமோ என்று கேட்டேன். தலையை ஆட்டினார். முன்னர் நான் இப்படிக் கேட்டதில்லை, நானாகவே ஒன்றைக் கொடுத்துவிடுவேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஃபியோனா படங்கள் போட்ட மட்டை கொண்டுவந்தாள். கோப்பை, கட்டில், பஸ், மழை. இவர் பஸ்ஸைத் தொட்டார். பிறகு அதைத் தூக்கி எறிந்தார். சோஷல் வேர்க்கர் போனில், அந்த இல்லத்தில் யன்னலோரமான அறைதான் கிடைக்கும் என்று சொன்னாள். மரம் தெரியுமாம்.

அக்டோபர் 26, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மழை. லவுஞ்சில் ஆட்கள் இல்லை. ஜசிந்தாவும் எனக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணியோடு இருந்தாள். கன நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். எங்கள் வீட்டுக்குக் கிட்ட எத்தனை கடை இருக்கிறது. தமிழ்ச் சனம் இருந்து கதைக்கிற இடங்கள் எத்தனை. இரண்டு பஸ் மாறி ஏன் இங்கே வந்தவர்?

அவள் தட்டில் இருந்த சீனிக் கட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்றாள். பிறகு, "இல்லை, தெரியாது எண்டுதான் அவரும் சொன்னவர்."

"என்ன தெரியாது?"

"உந்தத் தெருவால போய் வலப் பக்கம் திரும்பினால் ஒரு சேமக்காலை இருக்கு அக்கா. கவுன்சில் சனத்தைப் புதைக்கிற இடம். அவர் முதல் அங்க போயிட்டுத்தான் இஞ்ச வருவார்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அங்கே எங்களுக்கு ஆர் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் என் கையைப் பிடித்தாள்.

"உங்கட பிள்ளை அக்கா."

தொண்ணூற்றொன்பது, மாசி மாதம். அதைப் பற்றி இந்த டயறியில் இல்லை. வேறெந்த டயறியிலும் இல்லை. வயிற்றிலேயே அசைவு நின்றுபோய்ப் பிறந்த பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை. ஆஸ்பத்திரியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். எங்கே கொண்டுபோனார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தெரியாது. வீட்டுக்கு வந்த அன்று, இனி இந்தக் கதை இந்த வீட்டில் வேண்டாம் என்று நான் இவரிடம் சொன்னேனாம். ஜசிந்தா சொல்கிறாள். சொல்லியிருப்பேன். எனக்கு அந்த நாட்கள் சரியாக ஞாபகமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் புதைத்த இடங்களை இப்போது கேட்டு அறியலாம் என்று இவர் எங்கேயோ வாசித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, கவுன்சிலுக்குப் போன் பண்ணி, கண்டுபிடித்துவிட்டார். கல் இல்லை. பல பிள்ளைகளைச் சேர்த்துப் புதைத்த புல்வெளி. முதல் நாள் பார்த்துவிட்டு வரும்போது நடக்க ஏலாமல் இந்தக் கதவடியில் நின்றாராம். ஜசிந்தா தமிழில் "உள்ளுக்கு வந்து இருங்கோ அண்ணை" என்றிருக்கிறாள்.

"இந்த முகத்தோட வீட்டுக்குப் போக ஏலாது, அவ கண்டுபிடிச்சிடுவா எண்டு சொல்லுவார். இஞ்ச இருந்து பகிடி கதைச்சு, முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு போவார்."

அவள் அடுக்கிய சீனிக் கட்டிகளை நான் ஒவ்வொன்றாக இறக்கினேன்.

"ஆரணி எண்டு பேர் வைச்சிருக்கிறார்."

மழை கூடாரத் துணியில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் ஒன்று சொன்னாள். சொல்லலாமோ என்று யோசித்து யோசித்துத்தான் சொன்னாள்.

"ஒரேயொரு விசயம்தான் அவருக்குக் குறை. பிள்ளை பிறந்த அண்டைக்கு பெற்றோல் ஷெட்டில வேலையாம், போன் வசதி இல்லையாம். வந்து சேரேக்க பிள்ளையைக் கொண்டுபோயிட்டினமாம். தான் பாக்கேல்ல, நீங்கள் பாத்தனீங்களாம். ஆரைப் போல இருந்தது எண்டு உங்களிட்டக் கேக்க இத்தினை வருசமும் பயமாய் இருந்ததாம்."

அன்று பின்னேரம் இவர் வந்து கட்டிலடியில் நின்றதும், ஒன்றும் கேட்காமல் என் போர்வையை இழுத்துவிட்டதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவருக்கு அறிய விருப்பமில்லை என்று நினைத்தேன். இருபத்துநாலு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன். கிரேஸ் இவருக்கு நகம் வெட்டிவிட்டிருந்தாள்.

அக்டோபர் 27, வெள்ளி

சமைத்தேன். தோய்த்தேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

குளிர்காலம் வருகிறதென்று இந்த நாட்டு வழக்கப்படி மணிக்கூட்டைப் பின்னால் மாற்றினோம். ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்தது. இவர் நித்திரையாகக் கிடக்கப் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் வாய் திறந்தேன். நித்திரையில் இருக்கிறவருக்குச் சொல்லி என்ன பயன் என்று மூடிவிட்டேன். முழித்திருக்கும்போதும் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்த வீட்டில் அந்தக் கதையை எப்படித் தொடங்குவது?

அக்டோபர் 30, திங்கள்

சோஷல் வேர்க்கருக்குப் போன் பண்ணினேன். நிரந்தரமாக விட மாட்டேன் என்றேன். அவள் சந்தோசப்படப் பார்த்தாள். பொறு பிள்ளை என்றேன். எனக்கு ஏலாமல் இருக்கிறது, முதுகு போய்விட்டது, தூக்க ஒரு ஆள் வேண்டும், மாதத்தில் ஏழு நாளாவது இவரை எங்காவது வைத்துப் பார்த்தால்தான் நான் உயிரோடு இருப்பேன் என்றேன். இங்கிலிஷில் இவ்வளவு நீளமாக நான் கதைத்ததில்லை. செய்யலாம் என்றாள். யன்னலோர அறையைக் கேட்டேன். அதையும் பார்க்கிறேன் என்றாள்.

நவம்பர் 2, வியாழன்

கிரேஸை வழமையிலும் வேளைக்கு வரச் சொல்லி, இவருக்குத் தடித்த ஜம்பரும் கோட்டும் தொப்பியும் போட்டோம். எங்கே போகிறோம் என்று இவர் கண்ணால் கேட்டார். "வியாழக்கிழமை எல்லோ, ஓவர்டைமுக்குப் போறம்" என்றேன். முகம் அப்படியே நின்றுவிட்டது.

டாக்சி சேமக்காலை வாசலில் இறக்கியது. அதற்குப் பிறகு எனக்கு வழி தெரியாது. இவர் இடக் கையால் காட்டக் காட்டத் தள்ளினேன். இடம், நேரே, பிறகு வலம். நனைந்த புல்லில் சில்லு புதைந்துகொண்டே இருந்தது. ஒரு வேலி ஓரம் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். வெறும் புல். ஆரோ ஒரு சின்ன பிளாஸ்ரிக் காற்றாடி குத்தி வைத்திருந்தார்கள். வேறு ஒரு தாயின் பிள்ளைக்கு. அது காற்றில் விட்டுவிட்டுச் சுற்றியது.

இவர் அழவில்லை. நானும் அழவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சொல்ல நினைத்து வந்ததை அங்கே சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. குளிரில் இவருடைய மூக்கு ஒழுகியது. துடைத்துவிட்டேன். பிறகு இவர் என் கோட்டை இழுத்து, வாசல் பக்கம் காட்டினார். தேத்தண்ணி நேரம்.

நீலக் கதவுக்கு ஒரு படி இருக்கிறது. இத்ரிஸ் வந்து வீல்செயாரை ஒரு பக்கம் பிடிக்க, ஜசிந்தா மறுபக்கம் பிடிக்க, மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி உள்ளே வைத்தார்கள். பின்முற்றத்தில் இவருடைய மூலை. சூடாக்கி விளக்கைக் கிட்ட இழுத்து, கம்பளியைக் காலில் போட்டாள். பக்கத்து மேசை ஹுக்காவை இவர் கடைக்கண்ணால் பார்த்தார்.

"அது இனி இல்லை அண்ணை. டொக்ரர் விடார்" என்றாள் ஜசிந்தா.

"நாளைக்கு" என்றார், கோபமாக.

"நாளைக்கும் இல்லை!"

இத்ரிஸுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

புதினா வாசம். தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம். இவர் கோப்பையை இடக் கையால் தூக்கி மெல்ல மெல்ல ஊதினார். இந்த இடத்தில் இவர் எவ்வளவு கதைத்திருப்பார் என்று யோசித்தேன். இந்தத் தலையணையில் சாய்ந்து, இந்தத் தட்டில் கையூன்றி.

"தலை நிறைய மயிர்" என்றேன்.

ஊதுவதை நிறுத்தினார்.

"கறுப்பாய், ஈரமாய். நெத்தியில ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிரசவம் பாத்த மிட்வைஃப் ஒரு வெள்ளைத் தொப்பி போட்டுவிட்டவ. நான் தொப்பியைத் தூக்கிப் பாத்தனான்."

கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன். நிறுத்தினால் இனி ஒருக்காலும் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது. அதனால் அவரைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நிறம் என்னைப் போலத்தான். விரல் நல்ல நீளம். நகம் வளந்திருந்தது, வெட்டலாம் போல. வாய் என்ர வாய். கோவிச்சுக்கொண்டு படுத்த மாதிரி, கீழுதடு கொஞ்சம் முன்னுக்கு. முதல் கொஞ்ச நேரம் பிள்ளை சூடாய்த்தான் இருந்தவ. என்ர கையிலதான் குளிர்ந்தவ. நீங்கள் வந்திடுவீங்கள் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு வைச்சிருந்தனான். ஆஸ்பத்திரிக்காரர் கேக்கக் கேக்கக் குடுக்கேல்ல. பிறகு குடுக்க வேண்டி வந்திட்டுது."

தட்டின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டேன்.

"காது உங்கட காது. வேற ஆரின்ரையும் இல்லை. இந்த மேல் மடிப்பு உள்ளுக்கு வளைஞ்சு இருக்குதெல்லே, அச்சொட்டாய் அதே. ரெண்டு காதும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இவர் இடக் கையை மெல்லத் தூக்கித் தன் காதைத் தொட்டார். தொப்பியை விலக்கி, மேல் மடிப்பை விரலால் தடவினார். ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரைக்கும், பிறகு திரும்பவும். கண்ணால் தண்ணி ஓடி, ஒரு பக்க வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை அவருக்கு.

பிறகு அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார்.

இன்னும் சொல்லச் சொல்கிறார் என்று விளங்கியது. இருக்கையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, கால் விரல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.